சாய இயந்திரத்தின் மூடியும் ஒரு மொழிக் குழுவும்

போன மாதம் நந்தினி ஃபோன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். "மேடம், குழுவோட பழைய மின்னஞ்சல் பட்டியல மூடறாங்களாமுங்க. இனிமே எல்லாமே புதுத் தளத்துலதானாமுங்க. பழைய ஆவணத்தையெல்லாம் பாத்துட்டு வந்தப்ப உங்களோடது ஒண்ணு இருந்துச்சுங்க. படிச்சேன். என்ன மாத்தக் கூடாதுன்னு இருக்குது. எதுக்காக எழுதுனீங்கன்னு இல்லீங்க" என்றாள்.

இருக்காது. ஒரு கணினி மொழியின் தரத்தை எழுதும் அந்தக் குழுவின் ஆவணங்களில் வாக்கிய எண் இருக்கும், காரணம் இருக்கும், மாற்று வாசகம் இருக்கும். எழுதியவளுக்கு அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை என்பதற்கு அதில் இடம் கிடையாது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். கோவையில் மின்னணுப் பொறியியல் படித்தேன். ஓரிரு இடங்களில் வேலை பார்த்தேன். கல்யாணமாகித் திருப்பூர் வந்து நாச்சிமுத்து அண்ணன் நிறுவனத்தில் சேர்ந்து அங்கேயே ஓய்வும் பெற்றேன். முன்கதை இவ்வளவுதான்.

சாயப்பட்டறை இயந்திரங்களுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்வது எங்கள் தொழில். எப்போது சூடேற வேண்டும், எப்போது ஆற வேண்டும், எப்போது மூடியைத் திறக்கலாம் என்பதையெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் புரோகிராம் முடிவு செய்யும். அதை எழுதும் கணினி மொழி மிகப் பழையது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பெயர் சொல்லாமலே தெரியும். உலகத்தில் பாதி இயந்திரங்கள் அந்த மொழியில்தான் ஓடுகின்றன.

பாலியஸ்டர் கலந்த துணிக்குச் சாயம் ஏற்ற, தண்ணீரைக் கொதிநிலைக்கு மேல் சூடாக்கி அழுத்தத்தில் பிடித்து வைக்க வேண்டும். அந்த நிலையில் மூடி திறந்தால் உள்ளே இருப்பது தண்ணீராக வழியாது. மொத்தமும் ஆவியாகிப் பாயும். அதைத் தடுக்க இரண்டு காவல் உண்டு. ஒன்று, உள்ளே அழுத்தம் இருக்கும்வரை மூடியைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பூட்டு. இன்னொன்று எங்கள் பெட்டி. வெப்பம் இறங்கிய பிறகே அது பச்சை விளக்கைப் போடும்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பட்டறையில் காலை ஷிஃப்டில் அந்த இரண்டும் சேர்ந்தே கைவிட்டன. இரும்புப் பூட்டில் உப்பும் நூல் தூசும் அடைத்து அது திறந்த நிலையிலேயே இறுகிப் போயிருந்தது. வெப்பம் பார்க்கும் கம்பி ஒன்று கழன்றிருந்தது. அந்த நேரத்தில் எங்கள் பெட்டி சிவப்பில் நின்றிருக்க வேண்டும். பச்சையைப் போட்டது.

மூடியைத் திருகியவர் மண்ணரையைச் சேர்ந்த சுப்பிரமணி. யாரோ பின்னாலிருந்து கூப்பிட, பதில் சொல்லத் திரும்பியிருக்கிறார். அதனால் முகம் தப்பியது. வலது கை முழங்கையிலிருந்து விரல்வரை வெந்துபோனது.

நாச்சிமுத்து அண்ணனும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சுப்பிரமணிக்கு அரை மயக்கம். எங்களைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"பச்ச லைட்டு எரிஞ்சுதுங்க. எரியாம நான் மூடியத் தொடவே மாட்டனுங்க."

"தெரியுமுங்க. நீங்க படுங்க" என்றார் அண்ணன்.

"எரிஞ்சுதுங்க. மெய்யாலுமே எரிஞ்சுதுங்க."

நாங்கள் நம்பமாட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அந்தக் கையை நான் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாச்சிமுத்து அண்ணனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தோட்டம் காடு உள்ள குடும்பம். தறி ஓட்டி, பனியன் கம்பெனி வைத்து, பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தவர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் கூடக்கூட மரியாதையும் கூடும். சாதாரண நாளில் என்னை "அம்மிணி, இங்க வா" என்பார். கோபமாக இருந்தால் "வாங்க அம்மிணி, உக்காருங்க" என்பார். பிறகு வெகுநேரம் பேச மாட்டார். மேசைமேல் இருக்கும் பொருளையெல்லாம் ஒவ்வொன்றாக நேராக வைப்பார். அந்த அமைதிக்குப் பயந்தே பலர் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது காரில் அவர் சொன்னது ஒன்றுதான். "என்னன்னு பாருங்க அம்மிணி."

நெருப்பெரிச்சல் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து சோதனை மேசையில் வைத்தேன். கம்பியை வேண்டுமென்றே கழற்றினேன். பச்சை எரிந்தது. மாட்டினேன், சரியானது. கழற்றினேன், மறுபடி பச்சை.

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். கம்பி கழன்றால் அளவு தாறுமாறாக ஏறும். அதைப் பெருக்கும்போது விடை இடம் கொள்ளாமல் வழிந்து, கழித்தல் குறியோடு வந்து நிற்கும். எங்களுக்கு முன்னால் வேலை பார்த்த யாரோ அதை யோசித்து, விடை கழித்தல் குறியோடு வந்தால் சிவப்பைப் போடு என்று ஒரு வரி எழுதியிருந்தார். இல்லாவிட்டால் அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்து, ஆறிவிட்டது என்று பெட்டி பச்சையைப் போட்டுவிடும். அந்த வரி கண்ணெதிரே இருந்தது.

புரோகிராமை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். அதற்கு முந்தைய வரியில் நின்றது. அடுத்துத் தட்டியதும் அந்த வரியைத் தாண்டி அடுத்ததில் போய் நின்றது. எங்கேயோ தவறாகத் தட்டிவிட்டேன் என்று மறுபடி ஓட்டினேன். மறுபடியும் தாண்டியது.

எழுதிய வரி இருக்கிறது, இயந்திரத்துக்குள் அது இல்லை. கதவைப் பூட்டிவிட்டு வந்தவள் திரும்பிப் பார்க்கையில் அங்கே கதவே இல்லாததுபோல.

நாம் எழுதுவதை இயந்திரத்துக்கான கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். சில மாதங்களுக்கு முன்புதான் அதன் புதிய பதிப்புக்கு மாறியிருந்தோம். பழைய பதிப்பைத் தேடி எடுத்து அதே புரோகிராமை அதன் வழியாகக் கட்டளைகளாக்கி ஓட்டிப் பார்த்தேன். சிவப்பு எரிந்தது. புதியதில் பச்சை. புரோகிராமில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

காரணம் கம்பைலரிலும் இல்லை. அந்த மொழிக்கென்று ஒரு சர்வதேசத் தர ஆவணம் உண்டு. எது எப்படி நடக்க வேண்டும் என்று அதில் இருக்கும். பெருக்கல் விடை இடம் கொள்ளாமல் வழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு, இதைப்பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லை என்கிறது அந்த ஆவணம். புதிய கம்பைலர் அதை இப்படி எடுத்துக்கொண்டது: தரமே பேசாத ஒன்று நல்ல புரோகிராமில் நடக்காது. இரண்டு நேர் எண்களைப் பெருக்கினால் கழித்தல் விடை வராது. வராத ஒன்றுக்குச் சோதனை எதற்கு? நீக்கிவிடலாம். அதற்கு அப்படி நீக்க உரிமை உண்டு. சட்டப்படி சரி. சுப்பிரமணியின் கை வெந்ததும் அந்தச் சட்டத்துக்குள்தான்.

அண்ணனிடம் சொன்னேன். மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"இந்தப் புதுசு எத்தன பட்டறைல ஓடுதுங்க?"

பட்டியலை எடுத்துப் போட்டேன். நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தது.

"ஒவ்வொருத்தருக்கா நீங்களே பேசிப்போடுங்க. பச்ச எரிஞ்சாலும் மூடியத் தொட வேண்டாமுன்னு சொல்லுங்க. காரணம் கேட்டா என்கிட்டக் குடுங்க."

அலுவலகத்தில் இருந்த எல்லோரும் ஃபோனை எடுத்தோம். ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். சிலர் திட்டினார்கள். ஒருவர் சிரித்தார். அவரிடம் அண்ணன் பேசினார், பிறகு அவரும் சிரிக்கவில்லை. ஒரு பட்டறை மட்டும் எடுக்கவில்லை. அவிநாசிபாளையம் பக்கம், தாராபுரம் சாலையில் இருப்பது. முதலாளியும் எடுக்கவில்லை, சூப்பர்வைசரும் எடுக்கவில்லை. அவர்கள் காலையில் பாலியஸ்டர் லோடு ஏற்றியிருப்பார்கள் என்று பெட்டி மாட்டிய பையன்கள் சொன்னார்கள். அப்படியென்றால் மதியத்துக்கு ஆறும்.

"ஏறுங்க போலாம்" என்றார் அண்ணன்.

அந்தச் சாலையில் போனதுபோல ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை. அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்து அடித்து ஓயும். லாரி முன்னால் வந்தால் அண்ணன் ஒதுங்கிக் காத்திருந்தார். அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழவேண்டும்போல இருந்தது. ஆம்புலன்ஸ் ஒன்று எதிரே வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அவர் வண்டியின் வேகம் கூடியது.

பட்டறை வாசலில் நிற்பதற்குள் இறங்கி உள்ளே ஓடினேன். ஈரத் தரை, ஆவி, ஒன்றும் தெரியவில்லை. மூடி திறந்திருந்தது.

அதன் பக்கத்தில் இரண்டு வடநாட்டுப் பையன்கள் துணியை இழுத்து வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டே. ஒருவன் என்னைப் பார்த்து, "க்யா ஹுவா, மேடம்?" என்றான், என்ன ஆச்சு என்று. கம்பி நன்றாக இருந்த இயந்திரம் அது. ஒழுங்காக ஆறி, ஒழுங்காகப் பச்சை எரிந்து, அவர்கள் ஒழுங்காகத் திறந்திருந்தார்கள். ஃபோன்கள் எல்லாம் ஆபீஸ் அறையில் சார்ஜில் கிடந்தன.

அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் வந்து நின்றார். அந்த இயந்திரத்தின் இரும்புப் பூட்டைக் கையால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அது அசைந்தது.

எல்லாப் பெட்டிகளையும் மாற்றினோம். பெருக்குவதற்கு முன்பே அளவைச் சோதிக்கும்படி எழுதினோம். இரும்புப் பூட்டைக் கழுவாத பட்டறைக்குப் பெட்டியே கிடையாது என்றார் அண்ணன். சுப்பிரமணியின் சிகிச்சையைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. ஆனால் எனக்குள் அந்த நிறுத்தி ஓட்டிய காட்சி நிற்கவில்லை. வேறு எந்த வரியைத் தாண்டுகிறது? இந்தத் தரத்தை யார் எழுதுகிறார்கள்?

கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் நாட்டின் தர அமைப்பில் இந்த மொழிக்கென ஒரு சிறு குழு இருக்கிறது. பெரும்பாலும் பேராசிரியர்கள். தொழிலிலிருந்து ஆள் வரமாட்டேன் என்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வருகிறேன் என்றேன், சேர்த்துக்கொண்டார்கள். நாட்டுக் குழுக்களிலிருந்து வரும் ஆட்கள்தான் சர்வதேசக் குழு.

வெளியிலிருந்து நினைக்கும்போது பெரிய மண்டபம், கொடிகள் என்றெல்லாம் தோன்றும். உண்மையில் அது ஒரு மின்னஞ்சல் பட்டியலும் ஓர் இணையப் பக்கமும்தான். யாருக்கு என்ன கருத்து இருந்தாலும் அதை ஆவணமாக எழுத வேண்டும். ஆவணத்துக்கு வரிசை எண் கேட்டு வாங்க வேண்டும். எண் இல்லாத காகிதம் இல்லாத காகிதம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் சில வாரங்கள் முன்பு, எண் பெற்றவை எல்லாம் ஒரே கட்டாகப் பக்கத்தில் ஏறும். அதற்குப் பிறகு வருவது அந்தக் கூட்டத்தில் பேசப்படாது. வரைவின் ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. நாடுகள் வாக்களிக்கும்போது தரும் குறிப்புகள் ஓர் அட்டவணையில் போகும். எந்த நாடு, எந்தப் பிரிவு, எந்த வரி, என்ன குறை, அதற்குப் பதில் என்ன வாசகம். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும். குழு என்ன முடிவெடுத்தது என்பது அதில் வரும். குறையை மட்டும் சொல்லி மாற்று வாசகம் தராவிட்டால், அந்தக் காலிக் கட்டத்தில் நிராகரிப்புதான் விழும்.

கூட்டங்களை நடத்தியவர் இங்கிரிட் என்ற வடக்கு ஐரோப்பியப் பெண்மணி. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருப்பார். மெதுவாகப் பேசுவார். ஒருவர் பேசி முடித்ததும் அவர் சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "நான் சொன்னது சரியா?" என்று கேட்பார். அவர் ஆம் என்றால்தான் அடுத்தவருக்கு வாய்ப்பு. முடிவெடுக்கும் நேரத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதை ஏற்கவே முடியாது என்பவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு அமைதியாகிவிடுவார். யாரும் பேசாவிட்டால் நிறைவேறிவிடும். என் முதல் கூட்டங்களில் அந்த அமைதி எனக்குக் கிலியைத் தந்தது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் இயந்திரங்களைப் பற்றி, ஒரு சில பேர் வாயைத் திறக்காமல் இருந்தே முடிவு செய்கிறார்கள். அந்தச் சில பேரில் நானும் ஒருத்தி.

நான் முதலில் எதுவும் பேசவில்லை. கட்டு வந்தால் முழுதும் படிப்பேன், அவ்வளவுதான். அப்படி ஒரு கட்டைப் படிக்கும்போது மார்ட்டின் எழுதிய ஆவணம் வந்தது.

மார்ட்டின் கம்பைலர் செய்யும் பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவர். குழுவில் எல்லோரும் மதிக்கும் ஆள். பெரிய எண்ணைச் சிறிய இடத்துக்கு மாற்றும்போது அது கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்பதை, ஒவ்வொரு கம்பைலர்க்காரரும் முடிவு செய்து எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று தரத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. அதை எடுத்துவிடலாம் என்றார் மார்ட்டின். இதிலும் தரம் ஒன்றும் சொல்லாமல் இருக்கட்டும், புரோகிராம்கள் வேகமாக ஓடும் என்று வாதிட்டிருந்தார். சுத்தமான எழுத்து. இரண்டே பக்கம்.

எங்கள் பெட்டிகளில் வெப்பம், அழுத்தம், நீர்மட்டம் எல்லாவற்றையும் வாங்கும் இடத்தில் அந்த அறிவிப்பை நம்பித்தான் எழுதியிருந்தோம். இந்த முறை அது எங்கள் தவறும் இல்லை. தரம் தந்த உறுதியை நம்பியிருந்தோம். அந்த வாக்கியம் போனால் அந்த வரிகளையும் ஒருநாள் ஏதாவது ஒரு புதிய கம்பைலர் தாண்டிப் போகும். நாங்கள் திருத்திக்கொள்வோம். எங்களைப்போல எத்தனை பேர், எந்தெந்த ஊரில், எந்த மூடிக்கு முன்னால்?

எதிர்த்து எழுத வேண்டும். வெறும் அச்சத்தை எழுதினால் எடுபடாது. நடந்ததை எழுத வேண்டும். அந்தப் பக்கமோ உலகத்துக்கே திறந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எழுதி முடித்து, கம்பெனியின் பெயரை எடுத்துவிட்டு அண்ணனிடம் கொண்டுபோனேன்.

"இதைப் போட்டா எல்லாருமே படிக்கலாமுங்களா?"

"படிக்கலாமுங்க அண்ணா."

"நம்ம போட்டிக் கம்பெனிக்காரனும்."

"ஆமாங்க."

"வாங்க அம்மிணி, உக்காருங்க" என்றார். நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன். பேனா, டேப், நாட்காட்டி எல்லாம் நேரானது. "நம்ம தலைல நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கற மாதிரி இருக்குதுங்க. வேண்டாமுங்க."

நான் எழுந்து வந்துவிட்டேன். எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. கட்டு மூடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் என் கணவர் சாமுவேல், "வேலைய விட்டுட்டு உன் சொந்தப் பேர்ல எழுதிப் போடேன்" என்று வெகு சாதாரணமாகச் சொன்னார். அதையும் யோசித்தேன். ஜெபிக்க உட்கார்ந்தாலும் அந்த விளக்கின் பச்சைதான் வந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அண்ணன் காலையிலேயே என் அறைக்கு வந்தார். அவர் யார் அறைக்கும் போகிறவரில்லை.

"நேத்து நெருப்பெரிச்சல் போயிருந்தேன். அந்த மிஷின்ல பச்ச எரிஞ்சுது. நான் தொறக்கறேன்னு சொல்லிக் கையக் கொண்டுபோனேன்" என்றார். தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "வெக்க முடியல அம்மிணி. நம்ம பெட்டி, நாமளே சரி பண்ணுனது. கை போகமாட்டேங்குது."

நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் உட்காரவில்லை.

"அந்தக் காகிதத்துல கம்பெனி பேர எதுக்கு எடுத்தே? பேரில்லாம எழுதுனா எவன் நம்புவான். போடு."

பெயரைச் சேர்த்தேன். மண்ணரைக்குப் போய் சுப்பிரமணியிடமும் கேட்டேன். அவர் பெயர் வராது, நடந்தது வரும் என்றேன். "வரட்டுமுங்க. பச்ச லைட்டு எரிஞ்சுதுன்னு மறக்காம எழுதீருங்க" என்றார்.

எண் கேட்டேன், வந்தது. ஆவணத்தை அனுப்பினேன். கட்டு மூடும் நாளன்று பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எனக்கு முந்தைய எண் இருந்தது, பிந்தைய எண்ணும் இருந்தது. என் எண்ணுக்கு நேரே எதுவும் இல்லை.

பதறிப்போய் இங்கிரிட்டுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. உங்கள் அஞ்சல் வந்தது, அதனோடு கோப்பு எதுவும் வரவில்லை. கட்டை நான் மூடிய பிறகு அனுப்பினால் அடுத்த கூட்டத்துக்குத்தான் சேர்க்க முடியும்.

அடுத்த கூட்டத்துக்குள் மார்ட்டினின் ஆவணம் நிறைவேறியிருக்கும். கோப்புக்குள் புரோகிராம் வரிகள் இருந்ததால், வைரஸ் என்று நினைத்து எங்கள் அலுவலக மின்னஞ்சலே அதைப் பிடுங்கிப் போட்டிருந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி பிடுங்கியது. என் சொந்த அஞ்சலைத் திறக்கப் பார்த்தேன், அவசரத்தில் கடவுச்சொல் தப்புத் தப்பாக விழுந்தது. கடைசியில் சாமுவேலுக்கு ஃபோன் செய்து, வீட்டுக் கணினியில் இருந்த பிரதியை அவர் சொந்த அஞ்சலிலிருந்து அனுப்பச் சொன்னேன். ரேஷன் கடைக் கணக்கு எழுதும் மனிதர். என்ன அனுப்புகிறோம் என்று கேட்காமல் அனுப்பினார். பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். வெகுநேரம் கழித்து அந்த இடைவெளி நிரம்பியது.

கூட்டம் காணொளியில் நடந்தது. அவர்களுக்கு மதியம், நமக்குச் சாயங்காலம். கம்பெனியின் கூட்ட அறையில் உட்கார்ந்தேன். கேமராவில் விழாத மூலையில் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மார்ட்டின் தன் பக்கத்தைச் சொன்னார். பிறகு என் பெயர் கூப்பிடப்பட்டது. எழுதி வைத்ததைப் பார்த்து வாசித்தேன். நெருப்பெரிச்சல் என்ற பெயரை மட்டும் வாசிக்கவில்லை.

மார்ட்டின் கை உயர்த்தினார். "வருத்தமான சம்பவம். ஆனால் அந்தப் புரோகிராம் தவறாகத்தானே எழுதப்பட்டிருந்தது?"

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். "ஆமாம். அது தவறு. அதைத் திருத்தினோம். திருத்தியபோது, நம்பக்கூடியது எது என்று இந்தத் தரத்தைத்தான் பார்த்தோம். நீங்கள் எடுக்கச் சொல்லும் வாக்கியத்தை நம்பித்தான் இப்போது மூடி பூட்டியிருக்கிறது."

இங்கிரிட் அதைத் திருப்பிச் சொன்னார். "நீங்கள் சொல்வது, புதிய புரோகிராம்கள் சரியானவை, இந்த மாற்றம் அவற்றைத் தவறாக்கிவிடும் என்பது. சரியா?"

"சரி" என்றேன்.

இன்னும் சிலர் பேசினார்கள். வேகம் முக்கியம் என்றார்கள். தாங்களும் அந்த வாக்கியத்தை நம்பியிருப்பதாக, மருத்துவக் கருவி செய்யும் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிறகு இங்கிரிட் கருத்து கேட்டார். ஆம், இல்லை, விலகல் என்று ஒவ்வொருவராகப் பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும். ஆம் என்றே வரிசையாக வந்தது. பிறகு ஓர் இல்லை. அப்புறம் இன்னொன்று. ஓரிடத்தில் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இங்கிரிட் கண்ணாடியைக் கழற்றினார். "போதிய ஒப்புதல் இல்லை. இப்போதுள்ள வாக்கியம் நீடிக்கும். இந்த முடிவை ஏற்கவே முடியாது என்பவர் யாராவது இருக்கிறீர்களா?"

அமைதி. மார்ட்டின் பேசலாம். அவர் பேசினால் மறுபடி எல்லாம் தொடங்கும். அவர் முகம் திரையில் குனிந்தே இருந்தது. அண்ணன் மூலையில் எழுந்து நின்றுவிட்டார்.

"அடுத்த ஆவணம்" என்றார் இங்கிரிட்.

என்ன ஆச்சு என்று அண்ணன் சைகையில் கேட்டார். தலையாட்டினேன். அவர் வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார்.

பெருக்கல் வழிந்தால் தரம் ஒன்றும் சொல்லாது என்ற அந்தப் பழைய மௌனம் அப்படியேதான் இருக்கிறது. அப்படிச் சோதனைகளை நீக்கும்போது கம்பைலர் எச்சரிக்க வேண்டும் என்று என் ஆவணத்தின் இரண்டாம் பாதியில் கேட்டிருந்தேன். நேரமில்லை என்று ஒத்திவைத்தார்கள். பிற்பாடும் அதை யாரும் எடுக்கவில்லை. கூட்டம் முடிந்த மறுநாள் மார்ட்டினிடமிருந்து தனியாக ஓர் அஞ்சல் வந்தது. வாதம் எதுவும் இல்லை. அந்த மனிதரின் கை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார்.

அதைச் சொல்லலாம் என்று சுப்பிரமணியைப் பார்க்க நெருப்பெரிச்சலுக்குப் போனேன். கை ஆறி, தோல் இறுகி, விரல்கள் பாதிதான் மடங்கின. அதே பட்டறையில் அதே இயந்திரத்துக்குத் திரும்பியிருந்தார். நடந்ததைச் சொன்னேன். வெளிநாட்டில் ஒருவர் கையைப் பற்றி விசாரித்ததையும் சொன்னேன்.

"அப்படீங்களா" என்றார். "அப்ப இனிமே பயமில்லீங்களா?"

அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் தப்பியது என்றேன். அவர் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார்.

"பச்ச எரிஞ்சா நீங்க தொறப்பீங்களா?" என்று கேட்டார். குத்தலாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அழுத்தம் காட்டற முள்ளு கீழ வந்துருச்சான்னு பாப்பேன். கையால வால்வத் தொறந்து ஆவி வரலைன்னு பாப்பேன். அந்த இரும்புப் பூட்ட ஆட்டிப் பாப்பேன். அதுக்கப்புறம் தொறப்பேன்."

"நானும் அப்படித்தானுங்க."

அப்போது அவர் இயந்திரம் ஆறி முடித்துப் பச்சை விளக்கைப் போட்டது. சுப்பிரமணி முள்ளைக் குனிந்து பார்த்தார். வால்வைத் திறந்து கொஞ்ச நேரம் காது கொடுத்தார். பூட்டை ஆட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. மூடியின் கைப்பிடி பக்கம் போகவில்லை. தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்க, ஒரு டீ குடிச்சுட்டு வந்து தொறக்கலாமுங்க" என்றார்.

நானும் அவரோடு வெளியே நடந்தேன்.